கிணற்றைக் கேட்டுத் தோட்டம் போடுங்கள்



மட்டக்களப்பு வாவிக்கரை ஊரொன்றிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் கட்டாரில் உழைத்துவிட்டு, இனி வெளிநாடு வேண்டாம் என்று வந்து சேர்ந்தவர். வீட்டுக்குப் பின்னால் 10 பேர்ச்சஸ் அளவில் கத்தரி, வெண்டி, பயற்றை, கொஞ்சம் கொச்சிக்காய் என்று போட்டதில் கறிக்குப் போக மீதி சந்தைக்கும் போயிருக்கிறது. இப்போது அதை 60 பேர்ச்சஸ் ஆக்கப் போகிறாராம். குழாய்க்கிணறு ஒன்று அடித்து, ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி பூட்டுவதற்கு ஆளும் பேசியாகிவிட்டது. யூரியா இரண்டு மூடை வீட்டுக்கு வந்துவிட்டது. மார்க்கத்தில் இதற்குத் தடை உண்டா, மரக்கறிக்கு ஸகாத் கொடுக்க வேண்டுமா என்று கேட்கிறார். கடிதத்தின் அடியில், கேட்காமல் கேட்பது போல ஒரு வரி இருக்கிறது: இப்போதுள்ள கிணறு அவர் வீட்டுக்கும் தங்கச்சி வீட்டுக்கும் பொதுவானது, தங்கச்சிக்கு நான்கு மாதக் குழந்தை இருக்கிறது, கொஞ்ச நாளாகத் தேத்தண்ணீர் ஒரு மாதிரி இருக்கிறது என்று அவள் சொல்கிறாள்.

அந்த வரிதான் உண்மையான கேள்வி. மற்றவற்றுக்குச் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன்.

தடை ஏதும் இல்லை. மண்ணைக் கிளறி உயிர்ப்பிப்பவனுக்கு மார்க்கம் கொடுத்திருக்கும் இடம் பெரியது. ஒருவன் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ தின்றது எல்லாம் அவனுக்கு ஸதக்காவாக எழுதப்படும் என்ற கருத்தில் ஸஹீஹான ஹதீஸ் இருக்கிறது. வேலி தாண்டி வந்து பயற்றையை மேய்ந்த அடுத்த வீட்டு ஆட்டை நினைத்து இனிக் கொஞ்சம் குறைவாகக் கோபப்படலாம்.

ஸகாத் விடயத்தில், நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் பிரதான உணவாக உண்ணப்பட்டு, சேமித்தும் வைக்கக்கூடிய நெல் போன்ற தானியங்களுக்கும் பேரீச்சை, உலர் திராட்சைக்குமே விளைச்சல் ஸகாத் உண்டு. கத்தரிக்கும் வெண்டிக்கும் இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் மரக்கறிக்கும் உண்டு என்றார்கள். நம் மத்ஹபின்படி, மரக்கறி விற்ற பணம் நிஸாபை அடைந்து ஒரு வருடம் கையில் நின்றால் அந்தப் பணத்துக்கு ஸகாத் வரும். இவ்வளவுதான் சட்டம். ஆனால் இந்தச் சட்டத்துக்குள் இருக்கும் ஒரு விடயத்தைக் கவனியுங்கள். மழையால் விளைந்த நெல்லுக்குப் பத்தில் ஒன்று. இறைத்து ஊற்றி விளைந்ததற்கு இருபதில் ஒன்று. அதே நிலம், அதே நெல், ஆனால் தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டுத்தான் ஷரீஅத் கணக்குப் பார்க்கிறது. நாமோ எத்தனை பேர்ச்சஸ் என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

அடுத்தது நிலம். நம் பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்கே போகின்றன. அக்கா வளவுக்கு அடுத்தது தங்கச்சி வளவு, அதற்கு அடுத்தது இளையவளுக்கென்று உம்மா ஒதுக்கி வைத்த வெறும் வளவு. இந்த 60 பேர்ச்சஸில் இளைய தங்கையின் வளவும் அடங்குகிறது என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. "சும்மா கிடக்கிற காணிதானே மதினி" என்று ஒரு பேச்சோடு வேலியைப் பிடுங்குவது நம்மவர்களுக்குச் சகஜம். அவள் கல்யாணம் முடித்து அந்த வளவில் வீடு கட்டக் கேட்கும் நாளில்தான் பிரச்சினை தொடங்கும். வருடத்துக்கு இவ்வளவு வாடகை, இத்தனை வருடம் என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள். விளைச்சலில் இத்தனை பங்கு என்று பேசுவது நம் மத்ஹபில் சிக்கலான விடயம். காசாகப் பேசினால் அந்தச் சிக்கல் இல்லை. வளவு உங்களுடையதாக இருக்கும்போது, சகோதரியே, இதில் வாய் திறக்கலாமா என்று நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை.

வேறு சிலர் மறுபக்கம், ஆற்றங்கரையை நோக்கித் தோட்டத்தை நீட்டுகிறார்கள். வருடத்துக்கு ஒரு வரிசை கண்ணா மரத்தை வெட்டி, குப்பையும் கல்லும் போட்டு நிரப்பி, பிறகு அதில் மரவள்ளி நடுகிறார்கள். ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பவனுக்குச் சொல்லப்பட்டுள்ள எச்சரிக்கை கடுமையானது. அரச ஒதுக்கு நிலம் யாருடையதும் இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். அது எல்லோருடையதும்.

இனிக் கிணற்றுக்கு வருவோம்.

நமது வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் அது கடலோடு சேர்கிறது. எழுவான்கரையில் நமது ஊர்கள் பல, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக ஒடுங்கிய மணல் திட்டில் இருக்கின்றன. இரண்டு பக்கமும் உப்புத் தண்ணீர் இருக்க, நடுவில் பத்து முழம் தோண்டுவதற்குள் நல்ல தண்ணீர் வருவது எப்படி என்று நீங்கள் நினைத்துப் பார்த்ததுண்டா? இரண்டு கடல்கள் கலந்தும் ஒன்றையொன்று மீறாமல் இருக்கும் அத்தாட்சியைக் குர்ஆன் சொல்கிறது. அதைப் பயானில் கேட்கும்போது தூரத்துச் சமுத்திரங்கள் நமக்கு நினைவு வருகின்றன. நமது கொல்லைக்குக் கீழேயே அப்படி ஒரு எல்லை இருப்பது தோன்றுவதில்லை.

நடப்பது இதுதான். மாரியில் பெய்யும் மழை மணலில் இறங்குகிறது. நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரைவிட இலேசானது. ஆகையால் கலந்துவிடாமல், எண்ணெய் மிதப்பது போல மேலே மிதந்து நிற்கிறது. கடல் நீரின் அடர்த்தி நல்ல நீரை விட நாற்பதில் ஒரு பங்கு அதிகம். அதனால் கணக்கின்படி, கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் அதற்குக் கீழே 40 அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். கேட்கச் சந்தோஷமான கணக்கு. இதையே திருப்பிப் போட்டால்தான் பயம் வருகிறது. நாம் இறைத்து இறைத்து மேல்மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்து, அப்படியே நின்றுவிட்டால், அடியில் உப்பு 40 அங்குலம் மேலேறும். கிணற்றில் கயிறு ஓர் அங்குலம்தான் கூடுதலாக இறங்கியிருக்கும், யாருக்கும் தெரியாது.

2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் கணக்கை நமது கரையோர ஊர்கள் நேரில் கண்டன. கிணறுகளுக்குள் கடல் வந்துவிட்டது. உதவிக்கு வந்தவர்கள் நல்ல எண்ணத்தில் பம்பிகளைக் கொண்டுவந்து, கிணற்றைத் திரும்பத் திரும்ப இறைத்துச் சுத்தம் செய்தார்கள். இறைக்க இறைக்கக் கீழிருந்த உப்பு மேலேறும் ஆபத்துத்தான் கூடியது. கிழக்குக் கரையில் ஆய்வு செய்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார், கிணற்றை அளவுக்கு மீறி இறைக்க வேண்டாம் என்றே சொன்னார்கள். நிலத்தடி நீரை மெல்ல மெல்லக் கழுவித் தந்தது பம்பி அல்ல, அடுத்தடுத்து வந்த மாரி மழை.

இப்போது 60 பேர்ச்சஸின் கணக்கைப் போடுவோம். கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோடையில் ஒரு மரக்கறிப் பாத்தி நாளொன்றுக்கு ஏறக்குறைய 5 மில்லிமீற்றர் தண்ணீர் குடிக்கும். ஒரு பேர்ச்சஸ் என்பது 25 சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். ஆகவே பேர்ச்சஸ் ஒன்றுக்கு நாளைக்கு 125 லீற்றர். பழைய 10 பேர்ச்சஸ் தோட்டத்துக்கு 1250 லீற்றர். இது வாளியால் அள்ளினால் 125 வாளி. காலையிலும் அஸருக்குப் பிறகும் பூவாளி தூக்கியவருக்கு அதன் பாரம் தோளில் தெரியும். 60 பேர்ச்சஸுக்கு 7500 லீற்றர். 750 வாளியை எந்தத் தோளும் தூக்காது. பம்பி தூக்கும், சில மணி நேரத்தில் முடித்துவிடும். தோள் வலித்த காலத்தில் கிணற்றுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது என்பதை இப்போதுதான் உணர்கிறோம்.

மட்டக்களப்பில் வருடத்துக்கு ஏறக்குறைய 1650 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒக்டோபருக்கும் பெப்ரவரிக்கும் இடையில் கொட்டிவிடும். 60 பேர்ச்சஸ் நிலத்தின் மேல் வருடம் முழுவதும் விழும் மழை 25 இலட்சம் லீற்றர். இதில் ஒரு பகுதி ஆவியாகும், ஒரு பகுதி ஓடி வாவிக்குப் போகும். மூன்றில் ஒன்று மண்ணுக்குள் இறங்கியது என்று வைத்துக்கொண்டால் சுமார் 8 இலட்சம் லீற்றர். ஏப்ரல் தொடக்கம் செப்டெம்பர் வரை 180 நாள், நாளைக்கு 7500 லீற்றர் இறைத்தால் 13 இலட்சத்து 50 ஆயிரம். மிகுதி 5 இலட்சம் லீற்றர் எங்கிருந்து வருகிறது?

அடுத்த வளவில் விழுந்த மழையிலிருந்து வருகிறது. தங்கச்சியின் கூரையில் விழுந்து, அவள் முற்றத்தில் இறங்கிய தண்ணீர் அது. போதாததற்கு அடியிலிருந்து உப்பும் வரும்.

இங்கே ஒருவர் எழும்பி, "என் காணியில் நான் கிணறு தோண்டுகிறேன், யார் கேட்பது?" என்பார். கிதாபிலிருந்து ஆதாரமும் காட்டுவார். உண்மைதான், தன் சொந்த நிலத்தில் ஒருவர் வழமைப்படி செயற்படலாம், அதனால் அயலவரின் கிணறு வற்றினாலும் அவர் பொறுப்பாளி அல்ல என்று நமது மத்ஹபின் நூல்களில் இருக்கிறது. ஆனால் அதே இடத்தில், வழமையை மீறினால் அவரே பொறுப்பு என்றும் இருக்கிறது. இமாம் நவவி (ரஹ்) அவர்கள் 'மின்ஹாஜ்' எழுதிய காலத்து வழமை கயிறும் வாளியும் ஒட்டகமும். நாளைக்கு ஏழாயிரம் லீற்றரை உறிஞ்சும் பம்பி, ஒடுங்கிய மணல் திட்டில், பத்தடி தள்ளி அடுத்த வீட்டுக் கிணறு இருக்கும் இடத்தில் வழமைதானா என்பது உலமாக்கள் உட்கார்ந்து பேச வேண்டிய விடயம். என்னைக் கேட்டால், அடுத்தவர் குடிக்கும் தண்ணீர் உப்பாகும் என்று தெரிந்த பிறகு அது வழமைக்குள் அடங்காது என்றே சொல்வேன். இது என் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதலாம்.

ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் இடையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவதில் ஏற்பட்ட வழக்கு ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. வாய்க்காலில் மேலே இருந்தது ஸுபைரின் தோட்டம். நபி (ஸல்) அவர்கள் முதலில் சொன்ன தீர்ப்பு, நீர் கொஞ்சம் பாய்ச்சிவிட்டு அயலவருக்கு விட்டுவிடுங்கள் என்பது. மற்றவர் அதையும் ஏற்காமல் மனம் நோகப் பேசிய பிறகுதான் ஸுபைருக்கு அவருடைய முழு உரிமை கொடுக்கப்பட்டது. அந்த முழு உரிமைக்கும் ஒரு மட்டம் இருந்தது. கணுக்கால் அளவு தண்ணீர் நிற்கும் வரைதான் என்று அறிஞர்கள் கணக்கிட்டார்கள். முதலில் விட்டுக்கொடுப்பு, அது இல்லாவிட்டால் உரிமை, அந்த உரிமைக்கும் கணுக்கால் அளவு. நமது பம்பிகளுக்குக் கணுக்கால் இல்லை.

யூரியாவுக்கு வருகிறேன். தேத்தண்ணீரின் மாற்றத்தை நாக்கு சொல்லிவிட்டது; அது பெரும்பாலும் உப்பு. யூரியா செய்வதை நாக்கு சொல்லாது.

யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். களிமண் கொஞ்சம் பிடித்து வைக்கும். நமது மணலோ சல்லடை. பயிர் எடுத்தது போக மீதி நைத்திரேற்றாக மாறி, அடுத்த தண்ணீரோடு கீழே போய்க் கிணற்றில் சேர்கிறது. மேலே ஊற்றிய தண்ணீரில் வடிந்தது வீணாகவில்லை, திரும்பக் கிணற்றுக்குத்தானே வருகிறது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வருகிறது, யூரியாவையும் கூட்டிக்கொண்டு வருகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. ஒரு கிலோ யூரியா முழுவதும் இப்படிக் கரைந்து இறங்கினால் 40 ஆயிரம் லீற்றர் சுத்தமான தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். நான்கடி அகலமான ஒரு கிணற்றில் ஐந்தடி தண்ணீர் நின்றால் அது 1800 லீற்றர்கூட இல்லை. முழுவதும் இறங்காது, பாதி பயிருக்குப் போகும் என்றே வையுங்கள். வீட்டில் இருப்பது ஒரு கிலோ அல்ல, 100 கிலோ.

பெரியவர்களுக்கு இது உடனே ஒன்றும் செய்யாது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு, அதுவும் புட்டிப் பால் குடிக்கும் குழந்தைக்கு, இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று தாய்மார் நம்புகிறார்கள். கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு. இரண்டு வருடம் பாலூட்டுவதைப் பற்றிக் குர்ஆன் பேசியிருப்பதில் இன்னும் எத்தனை நன்மைகள் இருக்கின்றனவோ.

நியாயமாகப் பேசுவதானால் பழி முழுவதும் தோட்டக்காரர் தலையில் விழக் கூடாது. வீடுகள் நெருங்கிய ஊர்களில் மலசலகூடக் குழிகளிலிருந்தும் இதே நைத்திரேற்று இறங்குகிறது. குழிக்கும் கிணற்றுக்கும் இடைவெளி விடாமல் கட்டிவிட்டு, அடுத்த வளவின் யூரியாவைக் குறை சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

இது நமது ஊரில் மட்டும் நடக்கும் காரியம் இல்லை. கற்பிட்டியும் நம்மைப் போலவே கடலுக்கும் வாவிக்கும் நடுவில் உள்ள மணல் நிலம். அங்கே பம்பியும் பசளையுமாக மரக்கறி, வெங்காயம் பெருகியபோது கிணறுகளில் நைத்திரேற்று எல்லை தாண்டியதை ஆய்வாளர்கள் பல வருடங்களாக எழுதி வருகிறார்கள். காஸாவின் நிலத்தடி நீரும் கரையோர மணலில் தங்கும் நீர்தான். முற்றுகைக்குள் அடைபட்ட மக்களுக்கு வேறு வழியில்லாமல் அளவுக்கு மீறி இறைக்க, கடல் உள்ளே வந்தது. 2012 இலேயே ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை ஒன்று, 2016 அளவில் அந்த நீர் பாவிக்க முடியாததாகலாம் என்று எச்சரித்திருந்தது. அவர்கள் நிர்ப்பந்திக்கப்பட்டவர்கள். நம்மை யாரும் நிர்ப்பந்திக்கவில்லை.

அப்படியானால் தோட்டத்தைப் பெருப்பிக்க வேண்டாம் என்கிறீர்களா என்று அந்தக் கணவர் இந்த இடத்தில் பத்திரிகையை மூடப் பார்ப்பார். மூட வேண்டாம் தம்பி. வெளிநாட்டில் பட்ட பாட்டை விட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளையோடு இருந்து மண்ணில் பிழைக்க நினைத்த உங்கள் எண்ணத்துக்கு அல்லாஹ் பரக்கத் செய்வானாக. நான் சொல்வது, தோட்டம் மாரியோடு விரிய வேண்டும், கச்சானோடு சுருங்க வேண்டும். 60 பேர்ச்சஸையும் போடுங்கள், ஆனால் ஜனவரியில் போடுங்கள். கிணறு நிறைந்து, மண் ஈரமாக இருக்கும் காலம் அது. பூசணி, பயற்றை, வெள்ளரி, கீரை எல்லாம் சித்திரைக்கு முன் கைக்கு வந்துவிடும். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக வீசத் தொடங்கும்போது 20, 25 பேர்ச்சஸுக்குச் சுருக்கிக்கொள்ளுங்கள். மிகுதி நிலம் சும்மா கிடக்கட்டும், அல்லது முருங்கையும் மரவள்ளியும் நிற்கட்டும். வெங்காயமும் கொச்சிக்காயும் உப்பைத் தாங்காதவை. கோடையில் அவற்றை நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

குழாய்க்கிணறு அடிக்கும் வேலையை நிறுத்திவிடுங்கள். ஆழத்துக்குப் போகும் குழாய் உப்புக்குக் கிட்டத்தான் போகிறது. ஆழமில்லாத, அகலமான கிணறு மேலே மிதக்கும் நல்ல தண்ணீரைப் பாலாடை எடுப்பது போல எடுக்கும். சிறிய பம்பி போதும். ஒரேயடியாக இறைக்காமல் காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம், இடையில் கிணறு ஊற நேரம் விட்டு இறையுங்கள். நடு வெயிலில் ஊற்றுவது காற்றுக்கு ஊற்றுவதுதான்.

மணலை மாற்றாமல் தண்ணீரை மிச்சம் பிடிக்க முடியாது. படுவான்கரையில் வேளாண்மை வெட்டிய பின் வைக்கோல் கிடக்கிறது. ஆலையில் உமி கிடக்கிறது. தும்புத்தூள், பொச்சுமட்டை எந்த ஊரிலும் கிடைக்கும். மட்டையைப் பாத்திக்கு அடியில் புதைத்தால் அது கடற்பஞ்சு போல ஈரத்தைப் பிடித்து வைக்கும். மாரி வெள்ளத்தில் அடைந்து கிடக்கும் ஆற்றுவாழையை அள்ளி, காய வைத்து, சாணத்தோடு நன்றாக மக்கச் செய்தால் அருமையான பசளை. வேலிக்குக் கிளிசிரியா நடுங்கள். அதன் குழையில் நைதரசன் உண்டு, வேலிக்கு வேலியும் ஆயிற்று. கோடையில் பாத்தியைப் பள்ளமாகவும் மாரியில் மேடாகவும் அமைக்க வேண்டும். இது நமது மூத்தவர்களுக்குத் தெரிந்ததுதான், பம்பி வந்த பிறகு மறந்தது.

மாட்டுச் சாணம் பற்றி மத்ரஸா மாணவர்கள் அடிக்கடி கேட்பார்கள், இங்கேயே சொல்லிவிடுகிறேன். நமது மத்ஹபில் சாணம் நஜீஸ், அதைப் பசளையாகப் போடலாம், அதில் விளைந்தது சுத்தமானது. விற்பது மட்டும் செல்லாது. வண்டிக்காரருக்குக் கொடுக்கும் காசை அள்ளிய கூலி, ஏற்றிய கூலி, அவர் தன் கைவசத்தை விட்டுக்கொடுத்ததற்கான தொகை என்று பேசிக்கொள்ளலாம். உடுப்பில் பட்டால் கழுவிவிட்டுத் தொழுங்கள். ஹனஃபிகளுக்கு இந்தச் சிரமம் இல்லை.

யூரியா ஹராம் என்று நான் பத்வா கொடுக்கவில்லை. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை அரசாங்கம் திடீரென்று நிறுத்தியதும், விளைச்சல் விழுந்ததும், அந்த நவம்பரில் தடையை நீக்கியதும் நமக்குத் தெரியும். மண்ணுக்கு ஒன்றும் கொடுக்காமல் வைத்திருந்துவிட்டு ஒரு நாளில் மாற்றச் சொன்னால் மண் கேட்காது. முதலில் மக்கிய பசளையால் மணலைக் கனமாக்குங்கள். வருடா வருடம் யூரியாவைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். போடுவதையும் ஒரேயடியாக வீசாமல், சிறுகச் சிறுக, செடியின் வேரடியில், மழைக்கு முந்தின நாள் இல்லாமல் பார்த்துப் போடுங்கள். கோழி எரு இயற்கைதானே என்று அள்ளிக் கொட்டுவதும் கிணற்றுக்கு யூரியா போலத்தான்.

தண்ணீருக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. வுழூச் செய்து வடியும் தண்ணீர் நமது மத்ஹபில் சுத்தமானது. மீண்டும் வுழூச் செய்யத்தான் ஆகாது. செடிக்கு அந்தத் தடை கிடையாது. வீட்டில் ஐந்து பேர் ஐந்து வேளை வுழூச் செய்யும் இடத்திலிருந்து ஒரு கான் வெட்டினால் கீரைப் பாத்தியொன்று பச்சையாக நிற்கும். அரிசி கழுவிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர் எல்லாம் அப்படியே. பள்ளிவாசல்களில் ஜும்ஆ நாளில் ஹவ்ளடியிலிருந்து வடிகானுக்குப் போகும் தண்ணீரை எண்ணிப் பார்க்கும் நிர்வாகம் எந்த ஊரிலாவது இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள், இந்தப் பக்கத்தில் போடுவோம்.

சகோதரியே, உங்கள் வீட்டில் நாளைக்கே செய்ய வேண்டியது இரண்டு. ஸுப்ஹு தொழுதவுடன், யாரும் தண்ணீர் அள்ளுமுன், ஒரு நூலில் கல் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, விளிம்பிலிருந்து நீர் மட்டம் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று கலண்டரில் குறியுங்கள். கிழமைக்கு ஒரு தரம் போதும், பிள்ளைகளிடம் கொடுத்தால் விளையாட்டாகச் செய்வார்கள். கச்சான் காலத்தில் அந்த எண் கிழமைக்குக் கிழமை கூடிக்கொண்டே போனால் எத்தனை பாத்தியை விட வேண்டும் என்று கணவரும் மச்சானும் மதினியுமாக உட்கார்ந்து பேசுங்கள். சவர்க்காரம் நுரைக்க மறுத்தாலும் பயற்றை இலையின் ஓரம் கருகினாலும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, தங்கச்சியின் பிள்ளை புட்டிப் பால் குடிக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. குடிக்கிறதென்றால், பரிசோதனை முடியும் வரை பால்மாவை அந்தக் கிணற்றுத் தண்ணீரில் கரைக்க வேண்டாம். குழாய்நீர் உள்ள வீட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொன்னால் மாதிரியை எங்கே, எப்படிக் கொடுப்பது என்று வழி காட்டுவார். சுத்தமான போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி, நிரப்பி, மூடி, வெயில் படாமல் அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். உப்பையும் நைத்திரேற்றையும் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் கிருமியை மட்டும் பார்த்துவிட்டு நல்லது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.